முதல் தவணையில் வந்த கதவுகள்

துறைமுகத்துக்குப் பின்பக்கம், பழைய உப்புக் கிடங்கின் நீண்ட மதிலை ஒட்டிப் போகும் தெருவில், ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், பொழுது விடிந்து பால்காரன் போன பிறகு, நடைபாதையில் குடியிருந்த பதினோரு குடும்பங்களுக்கும் பதினோரு கதவுகள் வந்து நின்றன. யாரும் கொண்டுவந்து இறக்கவில்லை. நிலை, கீல், தாழ்ப்பாள், பச்சைப் பெயிண்டு எல்லாம் சேர்ந்த முழுக் கதவுகள், பிடித்துக்கொள்ள ஒரு சுவரும் இல்லாமல், அந்தந்தக் குடும்பம் பாய் விரிக்கும் இடத்துக்கு முன்னால், தெருவைப் பார்த்து நேராக நின்றன.

தேசம்மா அடிகுழாயிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவள் தன் இடத்தின் முன்னால் நின்ற கதவைப் பார்த்தாள். குடத்தை இறக்கினாள், கதவைத் தள்ளினாள், அது திறந்தது. மறுபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். உள்ளே என்றால் அதே நடைபாதைதான், அதே தார்ப்பாய்தான், அதே மதில்தான், மதிலில் அதே சினிமாப் போஸ்டர்தான்.

ஆச்சரியப்பட அந்தத் தெருவில் யாருக்கும் தோன்றவில்லை. போன வாரம்தான் டீக்கடை டிவியில் சொன்னார்கள்: நகரத்தின் நடைபாதைகளில் இனி ஒரு மனிதரும் படுக்கக் கூடாது, அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்க அரசாங்கம் கோடிக்கணக்கில் நிதி ஒதுக்கியிருக்கிறது, பணம் தவணை தவணையாக விடுவிக்கப்படும் என்று. அதைத் தெருவே நின்று கேட்டது. ஆகவே கதவு வந்தது என்றால் முதல் தவணை வந்தது என்று அர்த்தம்.

தேசம்மாவின் தம்பி தாமு சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுகிறவன். அந்த வண்டியிலேயே படுத்து எழுகிறவன், தனி ஆள், அதனால் அவனுக்குக் கதவு வரவில்லை. அவன் அக்காவின் கதவை முன்னும் பின்னும் சுற்றி வந்து தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நல்ல மரம்க்கா. செவுரும் கூரையும் பின்னால வந்துகினு இருக்கும். கவர்மெண்டு காரியம்னா இப்டித்தான், ஒவ்வொண்ணா வரும்."

"அதுக்கின்னா, இத்தினி வருசம் இருந்தோம், இன்னும் கொஞ்ச நாள் இருக்க மாட்டோமா" என்றாள் தேசம்மா.

ஒரு வாரத்துக்குள் கதவுகளின் குணம் தெருவுக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரு கதவு எதைத் தடுக்க வேண்டுமோ அதையெல்லாம் அவை தடுத்தன, கூரை தடுக்க வேண்டியதையும் சுவர் தாங்க வேண்டியதையும் தொடவே இல்லை. வெயில் மேலிருந்து கொட்டியது, தூறல் விழுந்தது, கொசு வந்தது. ஆனால் தாழ்ப்பாளைப் போட்டால், மூன்று பக்கமும் திறந்துகிடந்தாலும், போகிறவர் வருகிறவர் பார்வை அந்த இடத்தில் விழாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. குடித்துவிட்டு வந்த லாரி கிளீனர் ஒருவன் பக்கவாட்டில் நுழையப் பார்த்து, நுழைய நுழையக் கதவுக்கு முன்னாலேயே வந்து நின்று, நாலைந்து தடவை அப்படியே சுற்றியபின் கதவைக் கும்பிட்டுவிட்டுப் போனான். விடியற்காலையில் வந்து லத்தியால் காலில் தட்டி எழுப்பும் போலீஸ்காரர் இப்போது வெளியே நின்று, "யாரும்மா உள்ள?" என்று குரல் கொடுத்தார். குரல் கொடுத்தது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது போல, தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நாய்கள்கூட வாசலோடு நின்றுகொண்டன. பெண்கள் நின்று நிதானமாகப் புடவை மாற்றினார்கள். அடுத்த கதவுக்காரி கஸ்தூரி தன் புருஷனோடு சண்டை போட்டுவிட்டு அவனை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவளுக்கு அப்படி ஒரு சுகம் கிடைத்ததே இல்லை. அவனும் வெளியே உட்கார்ந்துகொண்டு, "திறடி, மானம் போவுது" என்று கெஞ்சினான். அவன் மானத்தைப் பற்றிப் பேசியதும் அதுதான் முதல் தடவை.

தேசம்மாவுக்கு அந்தக் கதவு வேறொரு காரியத்துக்கு வேண்டியிருந்தது. புருஷன் மங்களூர்ப் பக்கம் படகு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். மகள் யுவராணி எட்டாவது படிக்கிறாள். பங்குனியில் அவள் பெரியவளானாள். அன்றிலிருந்து படுக்கும்போது தேசம்மா தன் முந்தானை நுனியை மகளின் மணிக்கட்டில் முடிந்துகொண்டுதான் கண்ணை மூடுவாள். முடிச்சு அசைந்தால் விழிப்பாள். தண்ணீர் லாரி போனால் விழிப்பாள், செருப்புச் சத்தம் நின்றால் விழிப்பாள், சத்தமே இல்லையென்றாலும் விழிப்பாள். ஐந்து மணிக்கு மீன் மார்க்கெட்டில் அரிவாள்மனையின் முன் உட்கார்ந்து ஊரார் வாங்கும் மீனை ஆய்ந்து கொடுக்கையில் தூக்கத்தில் விரலை அறுத்துக்கொண்டது எத்தனையோ தடவை. மார்க்கெட்டுக்குப் போகும்போது மகளை எழுப்பிக் கூடவே கூட்டிக்கொண்டு போய், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார வைத்துப் பாடம் படிக்கச் சொல்லி, அங்கிருந்தே பள்ளிக்கு அனுப்புவாள்.

கதவு வந்த நாலாம் நாள் ராத்திரி படுக்கையில் யுவராணி மணிக்கட்டை நீட்டினாள். தேசம்மா முந்தானையைக் கையில் எடுத்தாள், கதவைப் பார்த்தாள், தாழ்ப்பாளைப் பார்த்தாள், முந்தானையைத் தோளிலேயே போட்டுக்கொண்டாள்.

"வாணாமா?" என்றாள் யுவராணி.

"வாணாம். படு."

பெண் ஒருக்களித்துப் படுத்தாள், பிறகு மல்லாந்தாள், பிறகு இரண்டு கைகளையும் அகலமாக விரித்துப் பார்த்தாள். அப்படியே தூங்கிப்போனாள்.

மறுநாள்தான் தேசம்மா எல்லோரையும் கூப்பிட்டு, பால் காய்ச்ச வேண்டும் என்றாள்.

"செவுரே வரல, அதுக்குள்ள பாலா?" என்றாள் கஸ்தூரி.

"வாசக்கால் நின்னா வூடு நின்ன மாதிரி. பால் காய்ச்சாம உள்ள பொழங்கினா வெளங்காதுடி."

அவள் அத்தனை பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. எதிர்வரிசை மாடிகளில் யாராவது புதிதாகக் குடிவந்து பால் காய்ச்சினால், மிஞ்சிய பாலைச் சொம்பில் கொண்டுவந்து நடைபாதைக்காரர்களுக்கு ஊற்றுவார்கள். சின்ன வயதிலிருந்து அப்படி ஊற்றிய பாலைத்தான் அவள் குடித்திருக்கிறாள். ஒரு தடவையாவது பொங்குவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பதினோரு நிலைகளிலும் மாவிலை கட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பதினோரு அடுப்பு மூட்டினார்கள். தேசம்மாவின் பால் கிழக்குப் பார்த்துப் பொங்கிற்று. எல்லோரும் கை தட்டினார்கள். தாமு வண்டி ஹாரனை அடித்தான். அந்த நேரம் பார்த்து, கதவுகளைப் பார்வையிட வீட்டு வாரியத்திலிருந்து கிருபாகரன் என்ற இளம் பொறியாளர் வந்து சேர்ந்தார். நல்ல பிள்ளை, எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். அவருக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "இந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை நான் சர்வீஸ்ல பார்த்ததில்லம்மா" என்று சொல்லி, ஒவ்வொரு கதவின் முன்னாலும் குடும்பத்தை நிறுத்திச் செல்போனில் போட்டோ எடுத்தார். தேசம்மாவும் யுவராணியும் பொங்கிய பால் சட்டியோடு நின்றார்கள்.

"கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார்.

தேசம்மா சிரித்தாள்.

புரட்டாசி கடைசியில் கிருபாகரன் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை யார் முகத்தையும் பார்க்காமல் கதவுகளைப் பார்த்துப் பேசினார். வீடுகள் தயார் என்றார். சுவர், கூரை, தண்ணீர்க்குழாய், மின்விசிறி, எல்லாம் தயார். ஊருக்குத் தெற்கே முப்பத்தைந்து கிலோமீட்டர், ஏரிக்கரையில் கட்டிய அடுக்குமாடி, எட்டாவது மாடி, பதினோரு குடும்பமும் எதிரும் புதிருமாக ஒரே இடத்தில். தீபாவளிக்குள் நடைபாதை காலியாக வேண்டும்.

தேசம்மா கேட்டாள்: "அங்க கதவு, சார்?"

"கதவுதான் கொடுத்தாச்சேம்மா."

"அது இங்க கீதே."

"இங்கதான் இருக்கு. நானும் மேலே சொல்லிப் பார்த்தேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு கதவுக்குத்தான் நிதி."

"அப்ப இத்த பேத்து அங்க எடுத்துக்கினு போறோம்."

"பேர்த்துப் பாருங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னார் கிருபாகரன்.

தாமு கடப்பாரை கொண்டுவந்து தோண்டினான். தோண்டத் தோண்ட நிலையின் கால்களும் கீழே போய்க்கொண்டே இருந்தன. இடுப்பளவு தோண்டினான், தோளளவு தோண்டினான், குழிக்குள் அவன் தலை மறைந்தபோது உப்புத் தண்ணீர் ஊறிற்று, அப்போதும் மரம் முடியவில்லை. கரையேறி உட்கார்ந்து, "யார்ரா இத்த நட்டது, கடலுக்கடிய வரிக்கும் போவுது" என்றான். மறுநாள் வாரியம் அனுப்பிய ஜேசிபி வந்து கஸ்தூரியின் கதவில் மோதித் தன் பல்லை உடைத்துக்கொண்டு திரும்பிப் போயிற்று.

தேசம்மா பொறியாளரை விடவில்லை. "தப்பான எடத்துல நின்னுப்போச்சு, வேற கதவு தாங்கன்னு எழுதுங்க சார். நாங்க கை நாட்டு வெக்கிறோம்."

அவர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். "அப்படித்தாம்மா எழுதலாம்னு இருந்தேன். ஆனா நீங்க பால் காய்ச்சிட்டீங்க. பால் காய்ச்சாத கதவா இருந்தா, இடம் மாறி வந்துட்டுதுன்னு சொல்லிக் கழிச்சுட்டு வேற வாங்கலாம். பால் காய்ச்சினா குடி புகுந்தாச்சு. வாரியத்துல அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது."

"நாங்க காய்ச்சினது அவங்களுக்கு எப்டித் தெரியும்?"

"நான்தாம்மா போட்டோ அனுப்பினேன். எல்லாரும் பார்த்துச் சந்தோஷப்படட்டும்னு அனுப்பினேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியவில்லை.

கஸ்தூரிதான் அன்று சாயங்காலம் கதவுக்கு வெளியே நின்று கத்தினாள்: "பாலு காய்ச்சணும், பாலு காய்ச்சணும்னு குதிச்சியே, இப்ப குடிடி வயிறு முட்ட! நாங்க கேட்டமா? உம் பொண்ணுக்கு நீ காய்ச்சிக்க வேண்டியதுதான, எங்களயும் இன்னாத்துக்கு இஸ்துகினு போன?"

தேசம்மா உள்ளே உட்கார்ந்திருந்தாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது. இருந்தாலும் அவளுக்கு எல்லாம் கேட்டது.

தீபாவளிக்கு முந்தின வாரம் இரண்டு லாரிகளில் சட்டி பானைகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கதவுகள் தெருவிலேயே நின்றன. தாமு வண்டியோடு ஊரிலேயே தங்கிவிட்டான். அவன் குடும்பக் கணக்கில் இல்லாததால் அவனை யாரும் ஏற்றவில்லை.

வீடு நன்றாகத்தான் இருந்தது. ஒரு கூடம், ஒரு அடுப்பறை, ஒரு கழிப்பறை, திருப்பினால் வரும் தண்ணீர். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழை கூரைமேல் விழுவதைக் கேட்டுக்கொண்டு யுவராணி உலர்ந்த தரையில் உருண்டாள். பதினோரு குடும்பமும் அந்த ஒரு நாள் எல்லாவற்றையும் மறந்து சிரித்தன. கூரை எதைத் தடுக்க வேண்டுமோ அதைத் தடுத்தது, சுவர் எதைத் தாங்க வேண்டுமோ அதைத் தாங்கிற்று. கதவு தடுக்க வேண்டியது மட்டும் உள்ளே வந்தது. நிலைகூட இல்லாத மூன்றரை அடி அகல வாசல், வீடுகளுக்கு நடுவே ஓடும் பொது நடைக்கட்டைப் பார்த்துத் திறந்தபடி இருந்தது. புடவையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் புடவை உள்பக்கமாகவே பறந்தது. தச்சரைக் கூப்பிட்டுப் பழைய கதவு ஒன்றை வாங்கி மாட்டச் சொன்னார்கள். அவர் அடித்த ஆணிகள் சாயங்காலத்துக்குள் பால்பற்கள் மாதிரி ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒட்டுப்பலகை வைத்து அலமாரியை முட்டுக் கொடுத்தார்கள். காலையில் பலகை ஒரு பக்கமும் அலமாரி ஒரு பக்கமும் நகர்ந்து, வாசல் பளிச்சென்று திறந்திருந்தது. அந்த வீடுகளின் கதவுகள் வேறிடத்தில் நின்றுகொண்டிருக்கையில் இன்னொரு கதவை அவை எப்படி ஏற்கும் என்று தச்சரே சமாதானம் சொல்லிவிட்டு, கூலி வாங்காமல் போனார்.

பூனைகள் வந்தன. கீழ் மாடியின் சாம்பார் வாசனை வந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து செல்போன் பார்க்கும் பையன்களின் பார்வை வந்தது. நடைக்கட்டில் போகிறவர்கள் ஜவுளிக்கடைக்குள் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் பார்த்துக்கொண்டே போனார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியவில்லை. கண்ணைத் திருப்பத்தான் நினைத்தார்கள், திருப்ப முடியவில்லை.

தேசம்மா மீன் மார்க்கெட்டுக்கு நாலு மணி முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், பதினோரு மணிக்குத் திரும்புவாள். பெண்ணை அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போக முடியாது, இங்கே பள்ளியில் சேர்த்தாயிற்று. பள்ளி கிளம்பும்வரை பெண் தனி. ஒரு விடுமுறை நாளில் தேசம்மா எட்டு மாடி ஏறி மூச்சு வாங்க வந்து பார்த்தபோது, கூடத்தின் நடுவில் முன்பின் தெரியாத ஆள் ஒருவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, யுவராணியின் கண்ணாடியைப் பார்த்து யுவராணியின் சீப்பால் தலை வாரிக்கொண்டிருந்தான். பெண் அடுப்பறை மூலையில் துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யார்யா நீ? இன்னா வேணும்?"

"ஒண்ணும் வாணாம்" என்றான் அவன், வாரிக்கொண்டே. "தொறந்திருந்திச்சி. பொது எடம்னு நெனச்சேன்."

அவன் சீப்பை வைத்துவிட்டு, சொம்பிலிருந்து தண்ணீர் குடித்துவிட்டு, அவசரமே இல்லாமல் எழுந்து போனான். யுவராணி துடைப்பத்தைக் கீழே போடவில்லை. தேசம்மா விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து தேசம்மா வேலைக்குப் போகவில்லை. வாசலின் ஒரு பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, எதிர்ப்பக்கச் சுவரில் பாதங்களை ஊன்றி உட்கார்ந்துகொண்டாள். அவள் நெட்டையானவள். மூன்றரை அடி வாசலுக்கு அவள் சரியாக இருந்தாள். அவள் உட்கார்ந்ததும் காற்று நின்றது, பூனை திரும்பியது, படிக்கட்டுப் பையன்கள் வேறெங்கோ பார்த்தார்கள். பள்ளிக்குப் போகையில் யுவராணி அம்மாவின் கால்களைத் தாண்டாமல், "அம்மா" என்பாள். தேசம்மா முழங்காலை மடக்கி வழி விட்டு, அவள் போனதும் மறுபடி நீட்டிக்கொள்வாள். ஆள் இல்லாத வீட்டுக்குள் யாராவது வந்து உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று பகலிலும் எழவில்லை. இரண்டு நாள் கழித்து எதிர்வாசலில் கஸ்தூரி வந்து அதே மாதிரி உட்கார்ந்தாள். அவளுக்கும் ஒரு பெண் இருந்தாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முதுகு நோவுதாடி?" என்றாள் கஸ்தூரி. பால் காய்ச்சிய சண்டைக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

"ம். உனுக்கு?"

"எனுக்கு இடுப்பு. கட்ட குட்டையாப் பொறந்துட்டேன், பின்னால தலாணி வெச்சி முட்டு குடுத்துகினு கீறேன்."

ஞாயிற்றுக்கிழமை தாமு அரிசி கொண்டுவந்தான், கொஞ்சம்தான். ஊரில் டிவிக்காரர்கள் வந்து தெருவைப் படம் எடுத்தார்கள் என்றான். நடைபாதை கழுவிவிட்ட மாதிரி இருக்கிறதாம், ஓர் ஆள் இல்லையாம். "கதவுங்க மட்டும் அப்டியே நிக்குதுக்கா. அத்தப் புடிச்சாங்க, நல்லா வந்துதுன்னு பேசிக்கினாங்க." மனசு கேட்காமல் திரும்பிப் போன இரண்டு குடும்பங்களைப் போலீஸ் வண்டி ஏற்றிக்கொண்டு வந்து இங்கேயே இறக்கிவிட்டதையும் சொன்னான். கிருபாகரனைப் பார்த்தானாம். அவர் வாரத்துக்கு ஒரு கடிதம் மேலே எழுதுகிறாராம், வாரத்துக்கு ஒரு தடவை பால் காய்ச்சிய படத்தையே திருப்பி அனுப்புகிறார்களாம்.

கார்த்திகை பிறந்து இரண்டாம் வாரம் அரிசிப் பானையைச் சுரண்டியாயிற்று. மார்க்கெட்டில் தேசம்மாவின் இடத்தில் வேறொருத்தி உட்காரத் தொடங்கிவிட்டாள் என்றும், நாளைக்கு வராவிட்டால் அப்புறம் வந்து பிரயோசனமில்லை என்றும் தகவல் வந்தது. மறுநாள் விடியுமுன் தேசம்மா அரிவாள்மனையைச் சாக்கில் சுற்றினாள். யுவராணி விழித்துக்கொண்டாள். எழுந்து, முகம் கழுவி, பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இவ்ளோ சீக்கிரம் எதுக்குடி?"

"நீ போம்மா. நான் உக்கார்றேன். பஸ்ல நீ வர்ற வரிக்கும் உக்கார்றேன்."

"அப்ப ஸ்கூலு?"

பெண் வாசலில் உட்கார்ந்தாள். முதுகை ஒரு பக்கச் சுவரில் ஒட்ட வைத்து, பாவாடையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டு, கால்களை நீட்டினாள். பாதம் எதிர்ச்சுவரைத் தொடவில்லை. அவள் முதுகை இன்னும் ஒட்டினாள், கால்விரல் நுனிகளை நீட்டினாள், அப்போதும் தொடவில்லை. தேசம்மா குனிந்து, பாதத்துக்கும் சுவருக்கும் நடுவே கையை விரித்து வைத்துப் பார்த்தாள். ஒரு சாண். அந்த ஒரு சாண் வழியாக நடைக்கட்டுக் காற்று சில்லென்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. குடத்தை வைத்துப் பார்த்தாள், தலையணையை வைத்துப் பார்த்தாள். வைத்தது எல்லாம் தானாக நகர்ந்து இடம் விட்டது.

எதிர்வாசலில் கஸ்தூரி கண்ணைத் திறந்து பார்த்தாள். தன் வாசலை விட்டு அவளும் எழுந்திருக்க முடியாது.

கீழே எட்டு மாடிக்கு அடியில் முதல் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. யுவராணி விரல் நுனிகளை இன்னும் நீட்டிக்கொண்டே, அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீ போம்மா. கொஞ்ச நாள்தான். நான் வளந்துடுவேன்."

தேசம்மா சாக்கோடு வாசலுக்கு வெளியே நின்றாள். பஸ் இன்னொரு தரம் ஹாரன் அடித்தது.